சொந்தத் தோப்பு மரத்தை அறுத்து வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த வைகாசியில், தென்காசிப் பக்கம் பண்பொழிக்கு மேற்கே உள்ள ஒரு தோப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் இளம் தம்பதியர் அவர்கள். தோப்பில் நின்ற இரண்டு பலாவையும், பலாவின் இனமான ஓர் அயினியையும் அறுத்து, புது வீட்டின் நிலை, கதவு, சன்னல் எல்லாவற்றையும் அந்த மரத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. “அண்ணாச்சி, ஒரு சொட்டு மழை படாம மூடி வச்சிருக்கோம், வந்து பாருங்க” என்று அந்தத் தம்பி நீலத் தார்ப்பாயைத் தூக்கிய உடனே புளித்த வாடை முகத்தில் அடித்தது. இடைவெளியே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்த பலகைகளின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே விரலை நுழைத்துப் பார்த்தபோது விரல் நனைந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு முற்றத்தில் நான் அடுக்கி வைத்திருந்ததும் இதே போன்ற ஓர் அடுக்குத்தான்.

தீட்டாத உளியையும் தளர்ந்த சுத்தியல் காம்பையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு செயின் சா பிடிக்கக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அறிவுள்ளவர்களும் உழைப்பாளிகளும்கூடத் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வேலிமரத்தை அப்படியே மில்லுக்கு அனுப்புவது

வேலியோரம் நின்ற வேம்பிலும் பூவரசிலும் நாற்பது ஆண்டுகளில் யாரெல்லாம் ஆணி அடித்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. முள்கம்பியை இழுத்துக் கட்டிய இடத்தில் மரம் வளர்ந்து கம்பியை விழுங்கியிருக்கும். பட்டைக்கு மேலே தழும்பு கூடத் தெரியாது. ரம்பம் அதில் பட்டால் பற்கள் போய்விடும், சில வேளைகளில் பிளேடே அறுந்து தெறிக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மில்காரர்கள் வேலிமரம் என்றதும் தயங்குகிறார்கள். தடியைச் சுற்றிலும் தரையிலிருந்து ஆறடி உயரம் வரை ஒரு வலுவான காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஆழத்தில் இருப்பது காந்தத்துக்கு அகப்படாமல் போகலாம் என்பதால், தடியின் வெட்டுமுகத்தில் நீலங்கறுத்த கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். அந்தக் கறையின் வழியே போனால் ஆணி இருக்கும்.

தடியின் கன அடியைப் பலகையின் கன அடி என்று நம்புவது

சுற்றளவை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது மரவாடிக் கணக்கு. நான்கடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் 10 கன அடி. வட்டத்தின் உண்மையான கணக்கில் அதுவே 12.7 கன அடி வரும். இந்த வித்தியாசத்தைக் கண்டு ஏமாற்றப்பட்டதாகக் கோபப்படுபவர்கள் உண்டு. பட்டை, ஓரச்சீவல், வாள் தின்னும் தூள் ஆகியவை எப்படியும் கழியும் என்பதற்கு இடம் விட்டு நடைமுறையில் நிலைத்துவிட்ட கணக்கு அது. அதற்குப் பிறகும், என் அனுபவத்தில், தோப்புத் தடியிலிருந்து மரவாடிக் கணக்கில் பாதிக்குச் சற்று மேல்தான் நல்ல சட்டமும் பலகையும் கிடைக்கின்றன.

ஏழடி உயரமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு நிலைக்கு, அடிக்கட்டை இல்லாமல், 5க்கு 3 அங்குலச் சட்டத்தில் ஏறத்தாழ 1.8 கன அடி மரம் வேண்டும். அந்தச் சட்டத்தைச் சரியாக 5க்கு 3 என்றே அறுத்து வாங்கிவிட்டு, காய்ந்து இழைத்த பிறகு அளவு குறைகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. அறுக்கும்போதே இருபுறமும் கால் அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள்.

ஈரம் காயாத மரத்தை வேலைக்கு எடுப்பது

இந்தத் தவறைப் பற்றி மட்டும் என்னால் சுருக்கமாக எழுத முடியாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மரம் வளர அறுபது ஆண்டுகள் ஆயிருக்கும்போது, அதைக் காயவைக்க ஆறு மாதம் பொறுக்க மாட்டேன் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2004ஆம் ஆண்டு ஆனிக் காற்றில் எங்கள் தோப்பின் பெரிய பலா சாய்ந்தது. ஆவணியில் பால்காய்ச்ச நாள் குறித்திருந்தோம். வேலைக்கு வந்த பெரிய ஆசாரி பலகையைக் கையில் எடுத்ததும், “இது இன்னும் உயிரோட இருக்கு, தைக்கு அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். நாள் குறித்தாயிற்று, மாற்ற முடியாது என்று நான்தான் அவரை வற்புறுத்தினேன். ஆவணியில் வீடு நன்றாகவே இருந்தது. கதவுகள் பொன்மஞ்சளாக மின்னின. ஐப்பசி அடைமழையில் கதவு நிலையில் சிக்கியது, இழைக்கச் சொன்னேன். மாசியில் இரட்டைக் கதவின் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பங்குனி வெயிலில் நிலையின் மூலையில், குறுக்குச் சட்டமும் நிலைக்காலும் சேரும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. எல்லாவற்றையும் விட அந்தப் பலகைகளின் ஓரங்களைத்தான் மறக்க முடியவில்லை. சட்டத்தின் காடியில் செருகியிருந்த நடுப்பலகை உள்ளுக்குச் சுருங்கியதால், வார்னிஷ் படாமல் காடிக்குள் மறைந்திருந்த வெளிறிய மரம் இருபுறமும் ஒரு கோடாக வெளியே வந்து நின்றது. நான் பொறுக்காமல் விட்ட மாதங்களை யாரோ கோடு போட்டுக் காட்டியது போல இருந்தது. இரண்டு கதவுகளையும் ஒரு நிலையையும் மறுபடியும் செய்ய வேண்டி வந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பொறுமை தானே வரும். பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: மரத்தின் நுண்ணறைகளுக்குள் நிறைந்திருப்பது ஒன்று, அந்த அறைகளின் சுவர்களுக்குள் ஊறியிருப்பது மற்றொன்று. முதலில் அறைக்குள் இருக்கும் நீர்தான் வெளியேறும். அப்போது பலகையின் எடை வேகமாகக் குறையும்; அளவு குறையாது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு வந்த பிறகே சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும், சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும். புதியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்: தூக்கினால் கனம் குறைந்திருக்கிறது, தொட்டால் காய்ந்தாற்போல் இருக்கிறது, ஒரு மயிரிழை கூட வளையவில்லை, எனவே மரம் தயார் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சுருக்கம் இனிமேல்தான் வர இருக்கிறது.

அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீளவாக்கில் அநேகமாக இல்லை. மரத்தின் வளர்ச்சி வளையங்களைக் குறுக்கே வெட்டும் திசையில் ஓரளவு. வளையத்தோடு ஒட்டிய திசையில் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஓரடி அகலப் பலகை நன்கு காயும்போது கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை அகலம் இழப்பது சாதாரணம். இந்த ஏற்றத்தாழ்வால்தான் முழுத்தடி நடுவிலிருந்து வெடிக்கிறது, பலகை பட்டைப் பக்கமாகக் குழிகிறது.

அடுக்குவதற்கு நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். அறுத்த அன்றே பலகைகளின் இரு முனைகளிலும் கெட்டியாகப் பெயின்டோ மெழுகோ பூச வேண்டும், ஏனென்றால் பலகையின் முகத்தை விட முனைவழியே நீர் பல மடங்கு வேகமாக வெளியேறி அங்கே வெடிப்பை உண்டாக்கும். சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசிய நம் முன்னோர்களும் இதையே செய்தார்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சமமட்டமாகக் கல் வைத்து, அதன்மேல் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஓரங்குலச் சதுர ரீப்பர்த் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக வையுங்கள். அவை ஏற்கெனவே காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சைத் துண்டை வைத்தால் அது படும் இடமெல்லாம் கறை விழும். மேலிருந்து கீழ்வரை அத்துண்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் மேல்வரிசையின் பாரம் கீழ்ப்பலகையை வளைத்துவிடும். உச்சியில் கருங்கல்லை ஏற்றி, மேலே மட்டும் தகரமோ ஓலையோ போட்டு, நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். தார்ப்பாயை ஓரம்வரை இழுத்துக் கட்டாதீர்கள்: மழை உள்ளே வராதது உண்மை, மரத்தின் ஈரம் வெளியே போகாததும் உண்மை.

எங்கள் பகுதிக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றால் ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் இருக்கும். சுற்றுக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால், மரம் எத்தனை மாதம் கிடந்தாலும் தன் ஈரத்தில் ஏறத்தாழ 16 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். காற்று 50 விழுக்காடாக இருக்கும் ஊரில் அதே மரம் 9 விழுக்காடு வரை இறங்கும். ஆகவே ஈரக்காற்றுள்ள புனலூரில் நன்கு காய்ந்த கதவை வறண்ட சங்கரன்கோவிலில் கொண்டுபோய் மாட்டினால் அது மறுபடியும் சுருங்குவதில் வியப்பில்லை. எந்த ஊரில் மாட்டப் போகிறோமோ அந்த ஊரில், முடிந்தால் அந்த வீட்டுக்குள்ளேயே, கடைசிச் சில வாரங்கள் மரம் கிடக்க வேண்டும்.

குளத்தில் ஊறப்போட்ட மரத்தைக் காயவைக்க வேண்டாம் என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். ஊறப்போடுவதால் மரத்தின் சத்து கரைந்து பூச்சி விழுவது குறையும், பிறகு காய்வதும் எளிதாகும். காயவைக்கும் வேலை அப்படியே பாக்கி இருக்கும்.

எப்போது காய்ந்தது என்று அறிய ஈரமானி வாங்கலாம். வாங்க முடியாதவர்கள், ஒரு பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஓரடித் துண்டு வெட்டி, முனைகளில் பெயின்ட் பூசி, அடுக்கின் உள்ளேயே செருகி வைத்து, வாரத்துக்கு ஒரு முறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். தொடர்ந்து நான்கு வாரம் எடை அசையாமல் நின்றால் அந்த இடத்தின் காற்றுக்கு மரம் பழகிவிட்டது. ஓரங்குலப் பலகைக்கு ஆறு மாதம் போதும் என்றால், மூன்றங்குல நிலைச் சட்டத்துக்குப் பதினெட்டு மாதமும் போதாமல் போகலாம். தடிமன் இரட்டித்தால் காலம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள் நிலைக்கு மட்டும் சூளையில் உலர்த்திய மரத்தை வாங்கிக்கொண்டு, சொந்த மரத்தைக் கதவுக்கும் அலமாரிக்கும் வைத்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 1141 என்ற நடைமுறை விதி மரம் உலர்த்துவதற்கென்றே எழுதப்பட்டது. வீடு கட்டும் பொறியாளரிடம் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.

பண்பொழித் தம்பி அன்று மாலையே அடுக்கைப் பிரித்தார். பூஞ்சையைத் துடைத்து, நாங்கள் மூவருமாக ரீப்பர் வைத்து மறுபடி அடுக்கி முடிக்க இரவு ஒன்பது மணி ஆயிற்று. பூஞ்சை மேலோடு நின்றிருந்ததால் மரம் தப்பியது. அவர் வைத்த துண்டு முதல் வாரம் 2,140 கிராம் இருந்தது. போன வாரம் 1,730 என்று சொன்னார். இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வெள்ளையை வைரத்தோடு சேர்த்து அறுப்பது

தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி, அதன் வெளிப்புற வெள்ளைப் பகுதியையும் நிலைக்கு வைப்பவர்கள் மூன்று மழைக்காலத்துக்குள் கறையானைப் பார்ப்பார்கள். தேக்கின் உறுதி, உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தில் இருக்கிறது. வெள்ளை எந்த மரத்திலும் பூச்சிக்கு இரைதான். பலாவில் இதைப் பிரித்தறிவது எளிது, வைரம் மஞ்சளாகவும் வெள்ளை வெளிறியும் இருக்கும்.

தென்னையும் பனையும் இதற்கு நேர்மாறு. உள்ளே வைரம் கொண்டதை அகக்காழ் என்றும், வெளியே வைரம் கொண்டதைப் புறக்காழ் என்றும் தமிழில் பிரித்துச் சொல்வதுண்டு. தென்னங்கைமரத்துக்கு முதிர்ந்த மரத்தின் வெளிப்புறத்தை மட்டும் எடுங்கள். நடுவில் இருக்கும் சோற்றுப் பகுதி அடுப்புக்குத்தான் ஆகும்.

ரப்பர் மரத்தை மருந்தில் நனைக்காமல் அடுக்குவது

செய்யாதீர்கள். அறுத்த ஓரிரு நாளில் போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலுக்குள் போக வேண்டும்.

மரத்தூணை மண்ணில் நடுவது

மண்ணுக்குக் கீழே ஆழத்தில் மரம் அழுகுவது குறைவு, மண்ணுக்கு மேலேயும் குறைவு. ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் தரைமட்டத்தில்தான் அழுகும். சிமெண்ட் குழியில் நட்டால் நீர் கிண்ணத்தில் தேங்குவது போலத் தேங்கி இன்னும் விரைவாகக் கெடும். கருங்கல் பாதத்தின் மேல் நிறுத்துங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவது

முன்பு திருவிதாங்கூரையும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்த செங்கோட்டைப் பக்கத்தில் சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் நாட்டு ஓடும் கொண்ட வீடுகள் இன்னும் நிற்கின்றன. அந்தச் சுவர் தரையிலிருந்து இழுக்கும் ஈரத்தைத் தன் மேற்பூச்சு வழியே வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் தலையையும் நிலைக்காலின் அடியையும் பிடிக்கும். உத்திரம் வெளியே நன்றாகத்தான் தெரியும். சுத்தியலால் தட்டினால் சுவரோரத்தில் மந்தமான ஓசை வரும். பழுது பார்ப்பதாக இருந்தால் சுண்ணாம்பாலேயே பூசுங்கள், உத்திரத்தின் தலையைச் சுற்றி ஒரு விரல் இடம் விடுங்கள்.

பாஸ் (வனத்துறை அனுமதிச் சீட்டு) இல்லாமல் மரத்தை ஏற்றுவது

பட்டா நிலத்து மரமாக இருந்தாலும், வெட்டுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டின் 1968ஆம் ஆண்டு மர நடமாட்ட விதிகள் இன்றும் பேசும். புளியரை தாண்டிய பிறகு கேரளத்தின் விதியும் பேசும்.

மழைக்காலத்தில் கதவை இழைப்பது

ஐப்பசியில் கதவு சிக்கினால், உராயும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுத் தை வரை விடுங்கள். தையிலும் உராய்ந்தால் மட்டும் இழைப்புளியை எடுங்கள். அதற்குள் கீல் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரும்பாலும் காரணம் வேறிடத்தில் இருக்கும்: கதவின் முகம் இரண்டுக்கும் பெயின்ட் அடித்தவர்கள், மாட்டிய பிறகு கைக்கு எட்டாத அடி விளிம்பை விட்டிருப்பார்கள், மழைக்காலம் முழுவதும் கதவு அந்த வழியே நீரைக் குடிக்கும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் தள்ளிப் பாருங்கள். அதில் வெறும் மரம் தெரிந்தால், வெயில் காலத்தில் கதவைக் கழற்றி அந்த விளிம்புக்கு மூன்று கை பெயின்ட் அடியுங்கள்.