வேம் இடும்போது செய்யக்கூடாதவை

மிளகாய், தக்காளி நாற்றங்காலுக்கு வேம் என்கிற வேர் உட்பூசணத்தை வாங்கிப் போடுபவர்கள் பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே புதியவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். காலாவதித் தேதி, வெயிலில் வைக்காமை போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேமோடு டி.ஏ.பி. உரத்தையும் கொட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சியதும் அந்த இடம் காலியாகிவிடும். பூசண இழைகள் அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் வரை போய் மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. மணிச்சத்து போதாத வேர்தான் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளை அதிகமாகக் கசியவிட்டுப் பூசணத்தை அழைக்கும். 46 சதவீதம் மணிச்சத்துள்ள டி.ஏ.பி.யை அடியுரமாகக் கொட்டினால் செடிக்கு அந்தத் தேவையே இராது.

சென்ற பட்டத்தில் ஓர் இளைஞர், "அண்ணா, வேம் போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை" என்றார். மண்வள அட்டையை வாங்கிப் பார்த்தேன். மணிச்சத்து 'அதிகம்'. அதற்கு மேலும் டி.ஏ.பி. மூட்டை இறக்கியிருக்கிறார்! இரண்டையும் ஒரே நாளில் விற்ற கடைக்காரராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? இரண்டு செலவு, ஒரு பயனும் இல்லை.

அட்டையில் 'அதிகம்' என்றிருந்தால் அடியுர மணிச்சத்தை நிறுத்துங்கள். 'குறைவு' என்றிருந்தால் அறவே நிறுத்திவிடாதீர்கள். மண்ணில் இல்லாததை எந்தப் பூசணமும் உண்டாக்காது.

மேலாகத் தூவுவது

உயிருள்ள வேரில் புகுந்தால்தான் இது பிழைக்கும். நாற்றங்கால் பாத்தியில் சதுர மீட்டருக்கு 100 கிராம், மண்ணில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, அதன்மேல் விதையுங்கள்.

வேம் இட்ட பாத்தியில் கார்பென்டாசிம் என்கிற பூசணக்கொல்லியை ஊற்றுவது

வேண்டாம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, பீட்ரூட்டுக்கு வாங்குவது

இவற்றின் வேரில் இது குடியேறாது.

வெள்ளை நூலைக் கண்டு மகிழ்வது

எருவில் படர்ந்து தெரியும் வெள்ளை நூல், மட்கைத் தின்னும் வேறு பூசணம். வேம் வேருக்குள்ளே வாழ்வது. வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான், செல்லுக்குள் குட்டி மரம்போல் கிளைத்திருப்பது தெரியும். சந்தேகம் இருந்தால் கிழங்குபோல் தடித்த ஆணிவேரை விட்டுவிட்டு, மெல்லிய பக்கவேர்களை ஈர மண்ணோடு எடுத்து, வாடுவதற்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.