குவேக்-சி கோடு புரியவில்லையா? ‘செல்ஃப்’ யார் என்று பாருங்கள்

1996இல் வந்த குவேக் என்ற கணினி விளையாட்டுக்காக ஜான் கார்மாக் உருவாக்கிய நிரல் மொழி குவேக்-சி. பார்க்க சி மொழி மாதிரியே இருக்கும். ஆனால் யாரோ எழுதிவிட்டுப் போன பழைய மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் நிரல்) ஒன்றைத் திறந்தால் கமென்ட், அதாவது விளக்கக் குறிப்பு இருக்காது, எந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள் என்பதும் பிடிபடாது. அந்த மாதிரி ஒரு ஃபோல்டர் கிடைத்தால் நான் போகும் வழி இது.

படி 1: முழு ஃபோல்டரையும் நகல் எடுங்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கம்பைல் செய்து (விளையாட்டு ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி), வரும் புரோக்ஸ்.டாட் (progs.dat) கோப்பை விளையாட்டில் ஓட்டிப் பாருங்கள்.

படி 2: புரோக்ஸ்.எஸ்ஆர்சி கோப்பைத் திறங்கள். கம்பைலருக்குப் போகும் கோப்புகள் வரிசையாக அதில் இருக்கும். பட்டியலில் இல்லாத கோப்பைப் படிக்கவே வேண்டாம். அப்புறம் டெஃப்ஸ்.க்யூசி. அங்கே ‘செட்ஆரிஜின் = #2’ என்பதுபோல # போட்டு எண் வந்தால், அந்த ஃபங்ஷன் என்ஜினுக்குள், அதாவது விளையாட்டை ஓட்டும் மூல நிரலுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கோடுக்குள் தேடி அலையாதீர்கள்.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். குவேக்-சி கோடு மேலிருந்து கீழாக ஓடுவதில்லை. ஒவ்வொரு பொருளிடமும் ‘திங்க்’, ‘டச்’, ‘யூஸ்’ என்ற ஃபீல்டுகளில் ஒரு ஃபங்ஷனின் பெயரை எழுதி வைப்பார்கள். நேரம் வரும்போது என்ஜினே அதைக் கூப்பிடும். அதனால் எந்த ஃபங்ஷனைப் படித்தாலும் முதல் கேள்வி: இங்கே ‘செல்ஃப்’, அதாவது இந்த ஃபங்ஷன் இப்போது எந்தப் பொருளுக்காக ஓடுகிறதோ அந்தப் பொருள், யார்?

ராக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். டபிள்யூ_ஃபயர்ராக்கெட் ஃபங்ஷனில் செல்ஃப் என்றால் சுடுகிற ஆட்டக்காரர். அது புதிதாக ஒரு மிசைலை உண்டாக்கி, அதன் டச்சில் டி_மிசைல்டச் என்றும், திங்க்கில் சப்_ரிமூவ் என்றும் எழுதுகிறது. திங்க் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் நெக்ஸ்ட்திங்க்கில் ‘டைம் + 5’. அதாவது 5 விநாடிக்குள் எதிலும் மோதாவிட்டால் ராக்கெட் மறைந்துவிடும். மோதினால் டி_மிசைல்டச் ஓடும். அங்கே செல்ஃப் ஆட்டக்காரர் இல்லை, ராக்கெட். மோதப்பட்டது ‘அதர்’. சுட்டவர் ‘செல்ஃப்.ஓனர்’. இந்த மூவரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். குழப்பமாகத் தெரிந்த வரிகளில் பாதி அப்போதே தெளிந்துவிடும்.

படி 4: எதிரிகளின் கோப்பில் ஆர்மி_ரன்1, ஆர்மி_ரன்2 என்று குட்டிக் குட்டி ஃபங்ஷன்கள் நீளமாகப் போகும். பயப்பட வேண்டாம். சதுர அடைப்புக்குள் முதலில் இருப்பது காட்ட வேண்டிய ஃபிரேம் (அசைவின் ஒரு நிலை), இரண்டாவது 0.1 விநாடி கழித்து ஓட வேண்டிய ஃபங்ஷன். எட்டாவதான ஆர்மி_ரன்8, அடுத்து ஓட வேண்டியதாக மறுபடி ஆர்மி_ரன்1ஐக் குறிக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டம்தான், ஒரே வரியில் குறித்துக்கொண்டால் போதும்.

படி 5: இன்னும் சந்தேகமா? அந்த ஃபங்ஷனின் முதல் வரியில் டிபிரின்ட் என்ற அச்சிடும் ஃபங்ஷனைப் போட்டு செல்ஃப்.கிளாஸ்நேமை (செல்ஃபின் வகைப் பெயரை) அச்சிடுங்கள். விளையாட்டுக்குள் கட்டளை தட்டும் கன்சோலில் ‘டெவலப்பர் 1’ என்று கொடுத்தால்தான் அது தெரியும். அங்கே செல்ஃப் யார் என்பது கண்முன்னே வந்துவிடும். அதை அப்படியே ஃபங்ஷனுக்கு மேலே கமென்டாக எழுதுங்கள்: ‘செல்ஃப் = ராக்கெட், அதர் = மோதப்பட்டது’. அப்புறம் அடுத்த ஃபங்ஷனுக்குப் போகலாம்.