ஷேர் ஃபோல்டரில் சேவ் ஆகவில்லையா? இரண்டு கதவையும் பாருங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறேன். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஷேர் ஃபோல்டரைத்தான் மற்றவர்கள் நெட்வொர்க் வழியாகத் திறக்கிறார்கள். ஜூலைக் கடைசியில் வருமான வரி வேலை நெரியும்போதுதான் போன் வரும்: "அண்ணாச்சி, ஃபைல் திறக்கு, சேவ் ஆக மாட்டேங்கு."

முதலில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்' என்றால் அனுமதியைத் தொடவே வேண்டாம். ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போயிருக்கும், கேபிள் கழன்றிருக்கும், அல்லது அதில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறியிருக்கும். 'ஆக்சஸ் டினைட்' என்றால்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் தெருக்கதவு ஒன்று, உள்ளே அரங்கு என்கிற உள்ளறைக்குத் தனிக்கதவு ஒன்று இருக்குமே, விண்டோஸிலும் அதே கதைதான். ஷேரிங் அனுமதி தெருக்கதவு. செக்யூரிட்டி டேப்பில் (tab) இருப்பது அரங்குக் கதவு. நெட்வொர்க் வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார், அவருக்கு அரங்குக் கதவு மட்டும்தான். அதனால் அதே யூசர் பெயரில் அங்கேயே லாகின் செய்து சேவ் பண்ணிப் பாருங்கள். அங்கே ஆகிறது, நெட்வொர்க்கில் ஆகவில்லை என்றால் கோளாறு தெருக்கதவில்.

தெருக்கதவு: ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ். இங்கே 'எவ்ரிஒன்' என்பதற்கு முதலில் 'ரீட்' மட்டும்தான் டிக் ஆகியிருக்கும். பாதிப் புகார் இதில்தான். 'சேஞ்ச்' டிக் செய்யுங்கள்.

அரங்குக் கதவு: அதே ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி டேப்பில் எடிட் அழுத்தி, அந்த யூசரையோ குரூப்பையோ சேர்த்து 'மாடிஃபை' கொடுங்கள். அவசரத்துக்கு எவ்ரிஒன்னுக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வாடிக்கையாளர்களின் கணக்கு கிடக்கிற இடத்தில் எனக்கு அது ஒப்பாது. அனுமதியை மறுக்கும் 'டினை' பக்கம் கை வைக்காதீர்கள். ஒருவர் இரண்டு குரூப்பில் இருந்து, ஒன்றில் டினை விழுந்தால் மற்றதில் கொடுத்த அனுமதி பெரும்பாலும் எடுபடாது.

குரூப்பில் ஒருவரைப் புதிதாகச் சேர்த்தீர்களா? அவர் ஒருமுறை சைன் அவுட் செய்து மறுபடி வரவேண்டும். அதுவரை பழைய அனுமதிதான்.

பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தால், பின் நம்பரை (PIN) அடிக்கிறாரா என்று பாருங்கள். பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே. இங்கே கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். அதுவும் சரி என்றால் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, அதில் தங்கிப்போன பழைய பாஸ்வேர்டை நீக்குங்கள்.

அப்புறம் என்னை ஒருநாள் மதியச் சாப்பாடு இல்லாமல் உட்கார வைத்த விஷயம். ஃபோல்டரில் எல்லாம் சரி, ஒரே ஒரு எக்செல் ஃபைல் மட்டும் திறக்கவில்லை. அதை அதே டிரைவின் வேறு ஃபோல்டரிலிருந்து கட் செய்து ஒட்டியிருந்தார்கள். அப்படி நகர்த்தினால் சில நேரம் ஃபைல் பழைய இடத்து அனுமதியையே சுமந்து வரும். காப்பி செய்து ஒட்டினால் புது ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். காப்பி செய்துவிட்டுப் பழையதை அழித்தேன், திறந்தது.