பைண்டர் போட்டு விலா வலித்தால்

ஆரம்பத்தில் பல திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்கள்) செய்யும் தப்புதான்: மார்பு தட்டையாகத் தெரிய கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினேன். அசைய அசைய அது இன்னும் இறுகும். விலா எலும்பே விரிசல் விடலாம். பேக்கிங் டேப் அதைவிட மோசம், தோலோடு உரிந்து வரும்.

மார்பைத் தட்டையாகக் காட்டவென்றே தைத்த இறுக்கமான உள்ளாடையான பைண்டருக்கு மாறியதும் சரியானது. அளவில்தான் விஷயமே இருக்கிறது. மார்பின் எடுப்பான இடத்தையும் அதற்குக் கீழேயும் இஞ்ச் டேப்பால் அளந்து, விற்பவரின் சைஸ் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இன்னும் தட்டையாகத் தெரியட்டும் என்று ஒரு சைஸ் குறைத்து வாங்கினால் பழைய கதைதான். போட்டபின் ஆழமாக மூச்சிழுத்து இருமிப் பாருங்கள். முடியவில்லையா, சைஸ் சின்னது.

8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் கழற்றிவிடுங்கள். வெயில் காலத்தில் அக்குளோரம் வியர்த்துச் சிவந்தால், உள்ளே மெல்லிய காட்டன் பனியன் போடலாம். மூச்சு விடும்போது குத்தினால் உடனே கழற்றுங்கள். நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.