நடந்தே யாத்திரை போறீங்களா, முதல்ல காலை கவனிங்க

நடந்து போனா மனசு தெளியும்னு சொல்வாங்க, நெசந்தான், ஆனா ரெண்டாவது நாளே குதிகால்ல கொப்புளம் வந்துட்டா நெனப்பு பூரா அங்கதான் இருக்கும். புது ஷூ வேணவே வேணாம், ரெண்டு மூணு வாரம் போட்டுப் பழகுனதையே போடுங்க, சாக்ஸ் ஈரமானா உடனே மாத்துங்க, எங்கயாச்சும் உரசி எரியுதுன்னா கொப்புளம் ஆகுறதுக்கு முன்னாடியே அந்த இடத்துல மெடிக்கல் டேப் ஒட்டிடுங்க. பை உங்க வெயிட்ல 10 சதவீதத்தைத் தாண்டாம பாத்துக்கோங்க.

அப்புறம் தினமும் ஒரு மணி நேரமாவது போனை ஆஃப் பண்ணிட்டு, கூட வர்றவங்ககிட்டயும் பேசாம தனியா நடங்க. முதல் அரை மணி நேரம் ஆபீஸ் டென்ஷன், பழைய சண்டைன்னு குப்பையாத்தான் வரும் (எனக்கும் அப்படித்தான்), விரட்டாதீங்க, வந்துட்டுப் போகட்டும், அதுக்கப்புறம் தோணுறத ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி நாலு வரி எழுதி வச்சுக்கோங்க.