ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறீர்களா? 24 மாத இன்டர்நெட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஊரில் இன்டர்நெட் வேண்டுமென்றால் கேபிள்காரருக்கு ஒரு போன் போதும். சாயங்காலத்துக்குள் ஒயர் இழுத்துவிடுவார். வீடு மாறும்போது "அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்ணே" என்றால் கணக்கு முடிந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் 2023 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் வந்து இறங்கினேன். 750 யூரோ கையை விட்டுப் போனது.

முதல் சில வாரங்களுக்குக் கவலை இல்லை. ஆல்டி, லிடில் சூப்பர் மார்க்கெட்டுகளிலேயே ப்ரீபெய்டு சிம் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளம் உறுதி செய்தால் சரி. பேக் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குத்தான். நம்மூர் 28 நாள் ரீசார்ஜ் மாதிரி, வருடத்துக்கு 13 தடவை என்று கணக்குப் போடுங்கள். அன்மெல்டுங் (அரசு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது), வங்கிக் கணக்கு இரண்டும் முடிந்ததும் வீட்டு இணைப்பைப் பார்க்கலாம்.

நான் போன கடையின் கண்ணாடியில் "மாதம் 20 யூரோ" என்று பெரிதாக ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த பையன் நன்றாக ஆங்கிலம் பேசினான். டேப்லெட்டில் விரலாலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டான். ஏழாம் மாதம் வங்கிக் கணக்கிலிருந்து 50 யூரோ போயிருந்தது. 20 என்பது முதல் ஆறு மாதத்துக்கு மட்டும், அப்புறம் 45. ரவுட்டர் வாடகை மாதம் 5 தனி. தொடக்கத்தில் இணைப்புக் கட்டணம் 60 வேறு. 24 மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 1,110 யூரோ. அதாவது மாதம் 46க்கு மேல்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒன்பது மாதம் முடிந்தபோது, வாடகை கட்டுப்படியாகாமல் நண்பர்கள் இருவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே இன்டர்நெட் இருந்தது. "வீடு மாறினால் ரத்து செய்யலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பி எழுதினேன். பதில் கடிதத்தைச் சமையலறை மேசையில் விரித்து, போன் கேமராவை வரிவரியாக நகர்த்தி மொழிபெயர்த்துப் படித்தேன். புது முகவரியில் அந்த நிறுவனத்தால் இணைப்புத் தர முடியாவிட்டால்தான் ஒரு மாத அவகாசம் கொடுத்து விலக முடியும். என் புது வீட்டில் அவர்களால் தர முடியும். ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு எதற்கு என்பது அவர்கள் கவலை இல்லை. சட்டமும் அப்படித்தான். மீதி 15 மாதம், மாதம் 50. பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு ஒதுக்கிய பணம் அது. அந்த வருடப் பொங்கல் பானையை அம்மா வீடியோ காலில்தான் காட்டினார்.

அதே இன்டர்நெட் வேகத்தில், மாதாமாதம் ரத்து செய்யக்கூடிய இணைப்பு அன்று 40 யூரோவுக்கு இருந்தது. விலை கூடுதல் என்று ஒதுக்கிவிட்டேன். ஒன்பது மாதத்துக்கு 360, இணைப்புக் கட்டணம் 60, பழைய ரவுட்டர் ஒன்று 40: மொத்தம் 460தான் ஆகியிருக்கும். சொந்த ரவுட்டர் வைத்துக்கொள்ளும் உரிமை 2016 முதலே இங்கு உண்டு. வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. ஆன்லைனிலோ போனிலோ எடுத்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிவிடலாம். கடைக்குள் நேரில் போட்ட கையெழுத்துக்கு அந்த உரிமை கிடையாது. கையெழுத்துப் போட்ட மறுநாள் ஆபீஸில் ஒரு திருநெல்வேலி அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு "உடனே ரத்து பண்ணுடா" என்றார். ஓடினேன், பலிக்கவில்லை. அதனால் கடையில் விலை மட்டும் கேளுங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு வந்து ஆன்லைனில் போடுங்கள். "மோனாட்லிஷ் க்யூண்ட்பார்" என்று இருந்தால் மாதாமாதம் விலகலாம் என்று அர்த்தம்.

ஏற்கெனவே 24 மாதத்தில் மாட்டியிருந்தால், முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ரத்துக் கடிதம் போய்ச் சேர வேண்டும். 2022 ஜூலை முதல் நிறுவனங்களின் இணையதளத்திலேயே அதற்கான பொத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை அழுத்தியதும் வரும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தேதியை மறந்துவிட்டாலும் பயம் வேண்டாம். 24 மாதம் கழிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத அவகாசத்தில் வெளியே வரலாம்.