உழவர் சந்தையில் ஒரு காலை: பிள்ளைகளை எப்படி அழைத்துச் செல்வது?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 0.5, 0.350 இவற்றில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். 350 என்பது 5-ஐ விடப் பெரியது என்ற நினைப்பில் இரண்டாவதைக் காட்டும் பிள்ளைகள் ஏராளம். என் மகளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சிலேட்டில் எத்தனை முறை எழுதிக் காட்டியும் தீராத அந்தக் குழப்பம், உழவர் சந்தையில் அரைக் கிலோ வெண்டைக்காயை ஏற்றியதும் மின்னணுத் தராசு 0.500 என்று காட்டிய நொடியில் தீர்ந்தது. ‘அஞ்சுக்குப் பின்னால ரெண்டு பூஜ்யம் ஒளிஞ்சிருக்கு’ என்று அவளே சொன்னாள்.

1999-இல் மதுரையில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தை இப்படிப்பட்ட கற்றலுக்கு வாகான இடம். அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருப்பதால் பேரம் பேசும் சங்கடம் இல்லை. விளைவித்தவரே விற்பதால், கேட்ட கேள்விக்குக் கேள்விப்பட்ட பதிலன்றிச் செய்து பார்த்தவரின் பதிலே கிடைக்கும். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஒரு பெரியவருக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கூடினால் அது சுற்றுலாவாகிவிடும்.

முந்தைய இரவே வாங்க வேண்டியவற்றைப் பிள்ளையே எழுதட்டும். எடைபோட்டு வாங்குவது ஒன்று, கட்டாக வாங்குவது ஒன்று, எண்ணி வாங்குவது ஒன்று என மூன்று நான்கு பொருள்கள் போதும்: கேரட், அரைக்கீரை, வாழைக்காய் என்பதுபோல. நூறு ரூபாயைச் சில்லறையாக மாற்றி அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். அச்சிட்ட வினாத்தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் அவசரத்தில் பிள்ளை காயைப் பார்க்காது.

காலை ஆறரை மணிக்குள் போய்விடுவது நல்லது. முதலில் விலைப்பலகையின் முன் நின்று, தன் பட்டியலுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பிள்ளை உத்தேசமாகச் சொல்லட்டும். கேரட் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 350 கிராமுக்கு என்ன விலை என்பதைத் தாளில் பெருக்கிப் பார்க்காமல், கால் கிலோ 15, நூறு கிராம் 6, ஆக 21 என்று உடைத்துக் கூட்டுவதுதான் சந்தைக் கணக்கு. அடுத்து, தராசில் ஏற்றுவதற்கு முன் காயைக் கையில் ஏந்தி எடையை ஊகிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு ஊகங்கள் படுமோசமாக இருக்கும். நாலாவது ஐந்தாவது வாரத்தில் கை தேறிவிடும். காயை வைக்கும் முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா, தட்டின் எடை கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் இங்கேயே வர வேண்டும்.

இவ்வளவு நேரமும் உங்களுக்குள்ள வேலை, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். மீதிச் சில்லறையைப் பிள்ளை தட்டுத்தடுமாறி எண்ணும்போது குறுக்கே புகுந்து சொல்லிக் கொடுக்காத பெரியவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன், நானும் விதிவிலக்கல்ல.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. கூட்டம் மொய்க்கும் கடையில் நின்று பேட்டி எடுக்கக் கூடாது. முதலில் ஏதாவது வாங்கிவிட்டு, ‘அக்கா, இந்தக் கீரை விதைச்சு எத்தனை நாளாச்சு?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால், பெரும்பாலானோர் மலர்ந்த முகத்தோடு பதில் சொல்வார்கள். கீரை ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும், தென்னைக்கோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதைக் கேட்டறிந்த பிள்ளை, தேங்காயை வேறு கண்ணோடு பார்க்கும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் விளையும் கேரட்டையும் முட்டைக்கோசையும் ‘இங்கிலீஷ் காய்’ என்று தள்ளி வைக்கும் நாம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த தக்காளியையும் மிளகாயையும் நம்முடையவை என்றே கொண்டாடுகிறோம். வீடு திரும்பும் வழியில் இதைச் சொன்னால், அன்று மாலை உலகப்படம் தானே விரியும்.

வீட்டில் ஒரு வேலை மீதமிருக்கிறது. பச்சைப் பட்டாணி வாங்கியிருந்தால், உரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, தோல் போக உண்ணும் பருப்புக்கு உண்மையில் கிலோ என்ன விலை விழுந்தது என்று கணக்கிடச் சொல்லுங்கள். விழுக்காடு என்ற சொல்லை அப்போது அறிமுகப்படுத்தினால் போதும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதேனும் ஒரே காயின் விலையை வாரந்தோறும் குறித்து வரட்டும். நான் முருங்கைக்காயைத்தான் பரிந்துரைப்பேன்: மழையிலும் பனியிலும் பூ உதிர்ந்து, மார்கழி வாக்கில் அதன் விலை ஏறும்போது, ‘ஏன்?’ என்று பிள்ளையே சந்தையில் போய்க் கேட்டு வரும்.